ஸ்டாஃப் சாம்பார்

வாங்க அண்ணாச்சி. கை கழுவப் போனவரு எம்புட்டு நேரம் நின்னுட்டிய. பேச்சியம்மாகிட்ட தண்ணி கேட்டா அவ கதையெல்லாம் சொல்லித்தான் ஊத்துவா. உக்காருங்க, இந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. ரோட்டைப் பாத்து உக்காருங்க. எதுத்தாப்ல மூணு மாடி ஓட்டல் ஒண்ணு தெரியுதா? அதைப் பாத்துக்கிட்டே என் கடையில சாப்பிடுதவருக்கு நான் ஒரு கரண்டி கூடுதலாத்தான் ஊத்துவேன். விளையாட்டுக்குச் சொல்லல. எனக்கு அதுல ஒரு ருசி.

ஏளா பேச்சியம்மா, சாம்பாரு கொண்டா. அந்தச் சின்னச் சட்டி இல்ல, பெரிய சட்டி. எத்தனை வாட்டி சொல்லுதது.

பிசைஞ்சு சாப்பிடுங்க. எப்படி இருக்கு? இருக்கும்லா. இந்தக் கை முழுக்க முழுக்க அந்த ஓட்டல்ல பழகின கை. நான் அங்க சரக்கு மாஸ்டரு. தெரியும்லா, அடுப்பு மொத்தமும் சரக்கு மாஸ்டர் பொறுப்பு. சாம்பாரு, ரசம், கூட்டு, குருமா எல்லாம் நான் சொல்லுததுதான். பெரிய முதலாளி கல்லாவுல இருந்தாலும் அடுப்பாங்கரைக்குள்ள வரும்போது செருப்பைக் கழட்டிட்டுத்தான் வருவாரு. மூக்காண்டி மாஸ்டர்னா தென்காசியில இருந்து கூட ஆளு வந்து கூப்பிட்டாவ. போகல. மரியாதை இருக்குத எடத்தை விட்டுட்டு எதுக்குப் போகணும்?

அந்த மரியாதையைக் கெடுத்தது அவருக்கு மகன். சின்ன முதலாளி. மெட்ராஸ்ல ஓட்டல் படிப்பு படிச்சிட்டு வந்தான். அந்தப் பேரைச் சொன்னாலே எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுது. அவன் நாசமாத்தான் போவான், நான் கண்ணால பாப்பேன், அதுக்குத்தான் இந்த எடத்துல கடை போட்டிருக்கேன்.

என்ன செஞ்சான்னு கேக்கிய. சொல்லுதேன். ஒரு மத்தியானம், ஹால் நிறைய ஆளு. கல்யாண வீட்டு ஆளுவ வேற வந்திருக்காவ. இவன் சப்ளையர் கையில இருந்த வாளியில கரண்டியை விட்டு, உள்ளங்கையில ரெண்டு சொட்டு ஊத்தி நக்கினான். நான் அடுப்பாங்கரை வாசல்ல நிக்கேன். என்னைப் பாத்து, அத்தனை பேருக்கும் கேக்குத மாதிரி, "என்ன மாஸ்டர் இது, ஸ்டாஃப் சாம்பாரா"ன்னான். ஹாலே சிரிச்சிட்டு. சின்னப் பிள்ளைய கூடச் சிரிச்சுது.

உங்களுக்கு அது என்ன வார்த்தைன்னு தெரியாது. ஓட்டல்ல வேலை பாக்கவங்களுக்குத் தனிச் சட்டி உண்டு அண்ணாச்சி. சப்ளையர், மேசை துடைக்கவன், பாத்திரம் தேய்க்க பொம்பளையாளுவ, மேல லாட்ஜுல ரூம் கூட்டுதவங்க, எல்லாருக்கும் அதுலதான். நேத்து மிஞ்சினதைச் சுட வச்சு, பருப்பு அண்டாவைக் கழுவின தண்ணியை ஊத்தி, வதங்கின காயைப் போட்டு, புளியும் பொடியும் கொஞ்சம் தூக்கலா விட்டு ஒரு கொதி. வாடை தெரியாம இருக்கப் பெருங்காயம். அதுக்கும் ஒரு பக்குவம் வேணும், எல்லாருக்கும் வராது. நான் போட்ட ஸ்டாஃப் சாம்பாரை ஒருத்தர் கூட ஒரு நாளும் குறை சொன்னது இல்ல. அம்புட்டு வருஷத்துல ஒருத்தர் கூட. பின்ன என்ன, நல்லாத்தானே இருந்திருக்கும்.

ஆனா அது வேற, ஹால்ல ஊத்துத சாம்பாரு வேற. என் சாம்பாரைப் போய் அதுன்னு சொன்னா? நாய்க்கு வைக்கதோட பேரைச் சொல்லித் திட்டின மாதிரில்லா அது. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. இவனை அழ வைக்கணும்னு முடிவு பண்ணினேன்.

இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா? கூச்சப்படாம கேளுங்க.

அந்த நேரத்துலதான் செல்லக்கனி சங்கம்னு ஆரம்பிச்சா. பாத்திரம் தேய்க்கவ. கறுத்த பொம்பள, குரல் உசத்திப் பேச மாட்டா. அவளுக்கு என்ன கோவம்னா, தனுஷ்கோடின்னு ஒரு சூப்பர்வைசர் இருந்தான். சாயங்காலம் பொம்பளையாளுவ வீட்டுக்குப் போகும்போது பின்வாசல்ல நின்னு சோதனை போடுவான். தூக்குச்சட்டியைத் திறந்து காட்டணும். அது போதாதுன்னு சேலைக் கொசுவத்தை உதறிக் காட்டச் சொல்லுவான். உதறினது போதலன்னா இவனே கையை வைப்பான். தேங்காச் சில்லு களவு போகுதாம். ரூம் கூட்டுத பிள்ளை ஒண்ணு அழுதுக்கிட்டே வேலையை விட்டுட்டுப் போயிட்டு. முதலாளிகிட்ட போய்ச் சொன்னா, "ஒழுங்கா இருந்தா சோதனைக்கு ஏன் பயப்படணும்"னுட்டாரு. சரி, அது அவிய பிரச்சினை. பின்வாசல் பக்கம் நான் போறதில்ல. எனக்கு முன்வாசல்.

இவிய எங்க கூடிப் பேசினாவ தெரியுமா? பாத்திரம் தேய்க்க எடத்துலதான். மத்தியானம் கழிஞ்சு அண்டாவும் வாளியும் மலையாக் குமிஞ்சு கிடக்கும். நாலு பேரு அதைப் போட்டு உருட்டுவாவ, அந்தச் சத்தத்துக்குள்ள மத்தவங்க பேசுவாவ. கல்லாவுல இருக்கவருக்கு ஒண்ணும் கேக்காது. வேலை நடக்குன்னு நினைச்சுக்கிடுவாரு. ஒவ்வொரு ஆளா வந்து தட்டு வைக்க மாதிரி வந்து, கேட்டுட்டுப் போவாவ. மேல லாட்ஜுல இருந்து கூட ஆளு இறங்கி வரும்.

நானும் ஒரு நாள் போனேன். போனதும் அப்படியே பேச்சை நிறுத்திட்டாவ. மாஸ்டரே வந்துட்டாரேன்னு மரியாதை. "நானும் உங்க கூடச் சேருதேன்"னேன். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாவ. செல்லக்கனிதான் கேட்டா, "உங்களுக்கு என்ன குறை மாஸ்டர்?"

"சின்ன முதலாளி அழணும்"னேன்.

அவ கையில இருந்த சாம்பலைத் தட்டிட்டுச் சொன்னா, "எங்களுக்கு அவரு அழ வேண்டாம் மாஸ்டர். கேட்டா பதில் சொன்னாப் போதும்."

பொம்பள புத்தி பாத்தியளா? அடிக்கப் போற எடத்துல பதில் கேக்கா. இருந்தாலும் சேத்துக்கிட்டாவ. மாஸ்டர் இல்லாம ஓட்டல்ல ஒண்ணும் நடக்காதுல்லா. அவிய கேட்டது மூணே மூணு. பின்வாசல் சோதனை நிக்கணும். யாரும் யாரையும் தொட்டாலோ ஏசினாலோ விசாரிக்கணும், அந்த விசாரணையில வேலை பாக்கவங்கள்ல ரெண்டு பேரு உக்காரணும். இது ரெண்டும் பின்னால. முதல்ல அவ கேட்டது என்ன தெரியுமா? ஒரே சட்டி. ஹால்ல ஊத்துததையே எங்களுக்கும் ஊத்தணும், உக்காந்து திங்கணும். அதைச் சொல்லும்போது அவ முதலாளி இருக்க திசையைப் பாக்கல, என் மூஞ்சியைத்தான் பாத்தா. எல்லாரும் என்னையத்தான் பாத்தாவ. என்னை நம்பித்தான் இதுல இறங்குதாவன்னு எனக்கு விளங்கிட்டு. நெஞ்சு நிமிந்துட்டு எனக்கு.

பேச்சியம்மா, அந்த மூலை மேசையில ஆளு எந்திரிச்சாச்சு பாரு. இலையைப் பொறவு எடுக்கலாம், முதல்ல ரசத்தை ஊத்து இவருக்கு.

போராட்டம்னா நான் நினைச்சேன், அடுப்பை அணைப்போம், கல்லெறிவோம், போஸ்டர்ல அவன் பேரைப் போட்டு நாறடிப்போம்னு. அவ என்ன செய்யச் சொன்னா தெரியுமா? இலையை மடிக்கச் சொன்னா. இலையை எப்படி மடிப்போம் நாம? சாப்பிட்டு முடிச்சா நம்ம பக்கமாத்தானே மடிப்போம். திரும்பவும் வருவோம், உறவு இருக்குன்னு. எழவு வீட்டுல மட்டும் அந்தப் பக்கமா மடிப்போம், இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம்னு. ஒரு நாள் மத்தியானம் வேலை பாக்க அத்தனை பேரும் பின்கட்டுல வரிசையா இலையைப் போட்டாவ. சோறும் ஸ்டாஃப் சாம்பாரும் வாங்கிக்கிட்டாவ. ஒரு பருக்கை வாயில வைக்கல. எல்லாரும் ஒண்ணாப்போல இலையை அந்தப் பக்கமா மடிச்சிட்டு எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டாவ.

மறுநாளும் அப்படி. பட்டினியாத்தான் மேசை துடைச்சாவ, பட்டினியாத்தான் வாளி தூக்கினாவ. நான் மட்டும் என் இலையில கொஞ்சம் சாப்பிட்டுட்டு மடிச்சேன். அடுப்படியில நிக்கவன் பட்டினி கிடந்தா மயக்கம் வந்துரும்.

அப்புறம்தான் வேடிக்கை. சப்ளையருவ வாடிக்கை ஆளுவகிட்ட மெதுவாச் சொன்னாவ. "எங்களுக்கு ஒரு உதவி செய்யுங்க, இலையை அந்தப் பக்கமா மடிங்க." அம்புட்டுத்தான். ரொம்பக் காலமா சாப்பிட வார வாத்தியாரு ஒருத்தர், முதல்ல அவரு மடிச்சாரு. பொறவு பக்கத்து ஜவுளிக்கடை ஆளுவ. பொறவு பஸ்ஸுக்கு நிக்கவங்க கூட. ஒரு நாள் பெரிய முதலாளி ஹாலுக்குள்ள வாரார், வரிசை வரிசையா எல்லா இலையும் எழவு வீட்டு மடிப்பா மடிஞ்சு கிடக்கு. மனுஷன் அப்படியே சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாம கல்லாவைத் திறக்காத ஆளுல்லா அவரு. அன்னைக்கே செல்லக்கனியைக் கூப்பிட்டுட்டாரு.

பேசினா. அவளே போய்ப் பேசினா, கூட ஒரு சப்ளையரு. மூணுக்கும் ஒத்துக்கிட்டாரு. தனுஷ்கோடியை விசாரிக்கவும் சரின்னாரு. வார வெள்ளிக்கிழமை லேபர் ஆபீசர் வருவாரு, வியாபாரி சங்கத்து ஆளுவ வருவாவ, எல்லாரும் நம்ம ஹால்ல சாப்பிட்டுட்டு, அவிய முன்னால கையெழுத்துன்னு முடிவாச்சு. பாத்திரம் தேய்க்க எடத்துல அழுதாவ அண்ணாச்சி எல்லாரும். சந்தோசத்துல.

நான் கேட்டேன், "சின்ன முதலாளி என்கிட்ட மன்னிப்புக் கேக்கது அதுல எங்க இருக்கு?"

செல்லக்கனி சொன்னா, "அந்த விசாரணை வரட்டும் மாஸ்டர். முதல்ல உங்க வழக்கையே வச்சு விசாரிப்போம். வெள்ளிக்கிழமை நீங்க நல்லாச் சமைங்க, அது போதும்." வரிசையில நின்னு நியாயம் வாங்கணுமாம் நான். பாத்திரம் தேய்க்கவ எனக்குச் சொல்லுதா, நல்லாச் சமைன்னு. அவளுக்கும் ஒரு பாடம் வேணும்னு அப்பவே தோணிட்டு.

ரசம் காரமா? காரமாத்தான் இருக்கும். தும்மிட்டுச் சாப்பிடுங்க.

வெள்ளிக்கிழமை வந்துட்டு. ஹால்ல மாவிலைத் தோரணம் எல்லாம் கட்டியிருக்காவ. நான் விடியறதுக்கு முன்னாலயே அடுப்பை மூட்டி ரெண்டு சாம்பாரு வச்சேன். ஒண்ணு என் வாழ்க்கையிலயே நான் வச்ச நல்ல சாம்பாரு. சின்ன வெங்காயம் முழுசு முழுசா, துவரம்பருப்பு மசிய, புதுசா வறுத்து அரைச்ச பொடி. இன்னொண்ணு எப்பவும் வைக்க ஸ்டாஃப் சாம்பாரு. அன்னைக்குக் கொஞ்சம் கூடப் பழசு. ரெண்டு நாளு பழசுன்னு வைங்க.

நல்லதைப் பின்கட்டுக்கு அனுப்பினேன். "இன்னைக்கு உங்க நாளு, நீங்க முதல்ல சாப்பிடுங்க"ன்னேன். மத்ததை வாளியில ஊத்தி ஹாலுக்கு. ஸ்டாஃப் சாம்பாருன்னு சொன்னான்லா, குடிக்கட்டும். ஆபீசர் பக்கத்துல உக்காந்து, எல்லாரும் பாக்கக் குடிக்கட்டும். ஒரு வார்த்தைக்கு ஒரு வாளி. இதைவிடப் பொருத்தமா ஒரு பழி வாங்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

பின்கட்டுல செல்லக்கனி ஒரு வாய் வச்சா. வச்சவ கை அப்படியே நின்னுட்டு. என் சாம்பாரு அப்படி. சட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா, "ஹாலுக்கு எது போச்சு மாஸ்டர்?"னா. நான் சிரிச்சேன். அவ்வளவுதான், எச்சிக் கையோட எந்திரிச்சு ஓடினா.

நான் வாசல்ல நின்னு பாக்கேன். முதல் வரிசைக்கு ஊத்தியாச்சு. இவ போய் சப்ளையர் கையில இருந்த வாளியைப் பிடிச்சு இழுக்கா. அவன் விட மாட்டேங்கான். வாளி சரிஞ்சு சாம்பாரு ஆபீசர் வெள்ளைச் சட்டையில. அதுக்குள்ள அவரு ரெண்டு வாய் சாப்பிட்டிருக்காரு, வாயைப் பொத்திக்கிட்டு வாஷ்பேசினுக்கு ஓடுதாரு. வியாபாரி சங்கத் தலைவரு துப்புதாரு. சின்ன முதலாளி, அவன்தான், வாயில வச்சதை முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம ஒரு முழி முழிச்சான் பாருங்க. கண்ணு ரெண்டும் கலங்கிட்டு. அந்த மூஞ்சி போதும் எனக்கு. இன்னைக்கும் தூக்கம் வரலன்னா அதை நினைச்சுக்கிட்டுத்தான் படுக்கேன்.

வாளி அவ கையில இருந்துது. அதனால தனுஷ்கோடி அவ கையைப் பிடிச்சுட்டான். "இவதான் சட்டியை மாத்திட்டா, சங்கம் சங்கம்னு சொல்லிச் சாப்பாட்டுல விஷம் வைக்கா"ன்னு கத்துதான். கையெழுத்து எங்க போகும்? ஆபீசர் கார்ல ஏறிட்டாரு.

பெரிய முதலாளி என்கிட்ட வந்தாரு. "மாஸ்டர், உமக்குத் தெரியாம நடந்திருக்குமா?"

"அடுப்பு என் கையில முதலாளி, வாளி என் கையில இல்ல"ன்னேன். உண்மைதானே. வாளியை நான் தொடவே இல்லையே.

அவ அங்கதான் நிக்கா. கேட்டுக்கிட்டுத்தான் நிக்கா. என்னைக் காட்டிக் கொடுப்பான்னு நினைச்சேன். செய்யல. என்னை ஒரு பார்வை பாத்துட்டு முதலாளிகிட்டச் சொன்னா, "எங்க ஆளுவள்ல யாரு செஞ்சிருந்தாலும் அதுக்குப் பதில் நான் சொல்லணும்யா. பொறுப்பு என்னுது." என் மேல அவளுக்கு அம்புட்டு மரியாதை. அப்படியே சேலையில கையைத் துடைச்சிட்டு வெளிய போயிட்டா. அவளையும் அவ கூட வேற ஆளுவளையும் வேலையை விட்டு நிறுத்திட்டாவ. தனுஷ்கோடி பின்வாசல்ல பழையபடி நின்னான். தலைவின்னா நாலும் தாங்கத்தான் வேணும், அதுக்குத்தானே தலைவி.

நான் ஜெயிச்சவன்லா, மறுநாளே சின்ன முதலாளிகிட்டப் போனேன். "இப்பத் தெரியுதா ஸ்டாஃப் சாம்பாருன்னா என்னன்னு?"ன்னு கேட்டுட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வேலையை விட்டு இறங்கிட்டேன்.

பின்ன என்ன நடந்துதுன்னா கேக்கிய? அதுதான் எரிச்சல். அவ சும்மா இருக்கல. இதே எடத்துல, இப்ப நீங்க உக்காந்திருக்கியள்லா, இங்க ஒரு வேப்பமரம் நின்னுது, அதுக்குக் கீழ நின்னா. சாப்பிட உள்ள போற ஆளு ஒவ்வொருத்தர்கிட்டயும் நடந்ததைச் சொல்லி, அன்னைக்குப் போட்ட சாப்பாட்டுக்கு வருத்தம் கேட்டுட்டு, இலையை அந்தப் பக்கமா மடிக்கச் சொல்லுவா. வெயிலு, மழை, எல்லாத்துலயும். உள்ள இருந்தவங்களும் திரும்ப மடிக்க ஆரம்பிச்சாவ. கடைசியில கையெழுத்துப் போட வச்சுட்டாவ. தனுஷ்கோடியை விசாரிச்சு அனுப்பியாச்சு, நிறுத்தினவங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தாச்சு. அந்தா பாருங்க, மூணு மணியாகப் போகுது. இப்பப் பாருங்க, அந்த ஹால்ல வரிசையா உக்காருவாவ. சப்ளையரு, ரூம் கூட்டுதவ, பாத்திரம் தேய்க்கவ எல்லாரும். ஒரே சட்டி. செல்லக்கனி நடுவுல உக்காந்திருப்பா. புது மாஸ்டரும் அவிய கூடவே உக்காந்து சாப்பிடுதான், வெக்கம் கெட்டவன்.

இதெல்லாம் யாரால? நான் அன்னைக்கு அந்த வாளியை அனுப்பலன்னா முதலாளிக்குப் புத்தி வந்திருக்குமா? ஒரு ஆளாவது ரோட்டைத் தாண்டி வந்து, மாஸ்டர் உங்களாலதான்னு ஒரு வார்த்தை சொல்லணுமே. ஒருத்தரும் வரல. இல்ல, பொய் சொல்லக் கூடாது, நேத்து செல்லக்கனி வந்தா. என்னைப் பாக்கத்தான் வந்திருக்கான்னு சட்டையெல்லாம் மாத்திட்டு நின்னேன். நேரே பின்னால போயிட்டா. பேச்சியம்மா கூட உக்காந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தா. பாத்திரம் உருளுத சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. பழைய சிநேகிதம் போல.

மோர் ஊத்தட்டா? என்னது? சின்னச் சட்டியில இருக்கதா? அது உங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. அது பேச்சியம்மாவுக்கு. கடை ஆளுக்குத் தனியா வச்சிருக்கேன். சின்னக் கடை, பெரிய சட்டியில இருந்து எல்லாருக்கும் ஊத்தினா கட்டுபடியாகுமா? நீங்க ருசி பாக்க என்ன இருக்கு அதுல. சரி, சரி, இம்புட்டு அடம் பிடிக்கிய. ஒரே ஒரு கரண்டி. இந்தாங்க.

ஏன் அண்ணாச்சி கையை எடுத்துட்டிய? காயை ஒதுக்கிட்டுச் சாப்பிடுங்க, காய்தான் கொஞ்சம் நேத்தையது. போதுமா? எந்திரிச்சிட்டிய. மோர் குடிக்காம எந்திரிச்சிட்டிய.

இருங்க, இலையை அப்படி மடிக்காதிய. இந்தப் பக்கமா, உங்க பக்கமா மடிக்கணும். இது என்ன எழவு வீடா? அண்ணாச்சி, உங்களைத்தான்.

அந்த மூலை மேசை இலையும் அந்தப் பக்கமால்லா மடிஞ்சு கிடக்கு. வாசப் பக்கத்து இலையும்.

ஏளா பேச்சியம்மா, அந்த அண்டாவை உருட்டுததை நிறுத்து. கை கழுவ வாரவங்ககிட்ட எல்லாம் நீ என்ன சொல்லுத?